பத்தொன்பது நிமிட இடைவெளி

டிசம்பர் 8, திங்கள்

ஏற்காடு சந்திப்புக்கு என் பெயர் உறுதியாகிவிட்டது. ஒளிவேதியியலில் முனைவர் பட்டத்துக்குப் படிப்பவர்களும், முடித்து ஐந்து வருடம் ஆகாதவர்களும் மட்டும் கலந்துகொள்ளும் நான்கு நாள் கூட்டம். வெள்ளிக்கிழமை எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். சாயப்பட்டறைக் கழிவுநீரை வெளிச்சத்தைக் கொண்டே சுத்தமாக்கும் என் வினையூக்கி பற்றிப் பேச வேண்டும். ஏழு மணி நேரம் தொடர்ந்து லேசர் பட்டும் அது சோர்ந்துபோகவில்லை என்பதுதான் என் கண்டுபிடிப்பு. அந்த ஒரு வரைபடத்துக்காகத்தான் எனக்கு மேடை.

என் நெறியாளர் சிவஞானம் சார் கூப்பிட்டுச் சொன்னார். இது நன்றாகப் போனால் ஜனவரியிலேயே ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிடலாமாம். ஐந்தரை வருடம் ஆகிவிட்டது. சரி சார் என்றேன்.

அங்கே குளிருமாம். ஸ்வெட்டரைத் தேடினேன், இடது கையில் பூச்சி அரித்திருக்கிறது. தைக்க வேண்டும்.

மாலை நிகழ்ச்சி நிரல் மின்னஞ்சலில் வந்தது. சனிக்கிழமை பதினொரு மணி: 'ஆய்வகப் பாதுகாப்பு, ஓர் அனுபவப் பகிர்வு.' பேசுபவர் எபநேசர் தங்கதுரை.

டிசம்பர் 9, செவ்வாய்

ஸ்வெட்டர் தைத்தேன்.

எபநேசரும் நானும் ஒரே நாளில் இந்த ஆய்வகத்தில் சேர்ந்தோம். எபி என்றுதான் கூப்பிடுவேன். சாயர்புரம் பக்கத்து ஆள். என்னைவிட நன்றாகக் கருவிகளைக் கையாளுவான். போன வருடம் அக்டோபர் ஒன்பதாம் தேதி லேசர் ஒளி மாதிரிக் குப்பியில் பட்டுத் தெறித்து அவன் வலது கண்ணுக்குள் போய்விட்டது. பச்சை ஒளி, ஒரே ஒரு துடிப்பு. விழித்திரையின் நடுவில் இரத்தம் கசிந்து, பிறகு தழும்பாகிவிட்டது. மார்ச்சில் ஆய்வை விட்டுவிட்டு ஊர்ப்பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியராகப் போய்விட்டான்.

விசாரணைக் குழு வந்தது. அவன் பாதுகாப்புக் கண்ணாடி அணியவில்லை, கவனக்குறைவு என்று முடிவாயிற்று. கண்ணாடி அணியாதது உண்மைதான். சாட்சியாக நான் கையெழுத்துப் போட்டேன். அந்த நேரம் நான் அறையின் மறுபக்கம் கணினி முன்னால் இருந்தேன்.

வாளியில் துணி ஊறிக் கிடக்கிறது.

டிசம்பர் 10, புதன்

ஹசீனாவுக்கும் இடம் கிடைத்திருக்கிறது, தன் ஆய்வைச் சுவரொட்டியாக வைத்து விளக்க. எங்கள் ஆய்வகத்தின் கடைசி ஆள். எபியின் விபத்துக்கு மூன்று மாதம் கழித்துச் சேர்ந்தவள். அவன் வேலை பார்த்த அதே லேசர் மேசையில்தான் இப்போது இவள் வேலை பார்க்கிறாள்.

என் பேச்சை அவளை உட்காரவைத்துச் சொல்லிப் பார்த்தேன். பதினாறரை நிமிடம் ஆனது. "அந்த ஏழு மணி நேர வரைபடம் வரும்போது மட்டும் வேகமாப் போறீங்க அக்கா" என்றாள். மெதுவாகப் போகப் பார்க்கிறேன் என்றேன்.

டிசம்பர் 11, வியாழன்

சேலத்தில் இறங்கி ஏற்காடு பஸ் பிடித்தோம். இருபது கொண்டை ஊசி வளைவு. ஹசீனா பன்னிரண்டாவது வளைவிலேயே வாந்தி எடுத்துவிட்டாள். அவள் தலையைப் பிடித்துக்கொண்டு வந்ததில் எனக்கு வேறு எதையும் நினைக்க நேரமில்லாமல் போனது நல்லதாயிற்று.

விடுதியில் எங்கள் இருவருக்கும் ஒரே அறை. வெந்நீர் காலையில் மட்டும்தானாம்.

பெயர் பதியும் மேசையில் எபி நின்றிருந்தான். மெலிந்திருக்கிறான். மீசை எடுத்துவிட்டான். பார்க்கும்போது முகத்தை லேசாக வலப்பக்கம் திருப்பிக்கொள்கிறான், இடது கண் நேராக வரும்படி. "எப்படி இருக்க தாட்சா?" என்றான். நல்லா இருக்கேன் என்றேன். ஆய்வேடு எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டான். ஜனவரி என்றேன். உண்மையாகவே சந்தோஷப்பட்டான். அவனுக்கு அப்படி நடிக்கத் தெரியாது.

ஹசீனாவை அறிமுகம் செய்தேன். உங்க மேசையிலதான் அண்ணா நான் வேலை பார்க்கிறேன் என்றாள் அவள். அந்த லேசர் இன்னும் காலையில் சூடாக நேரம் எடுக்கிறதா என்று கேட்டான். இருவரும் அந்த இயந்திரத்தைப் பற்றி வீட்டு மாட்டைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பையை அறைக்கு எடுத்துப் போனேன்.

டிசம்பர் 12, வெள்ளி

தேநீர் இடைவேளையில் எழுதுகிறேன். பேசி முடித்துவிட்டேன். பதினான்கு நிமிடம் நாற்பது வினாடி.

கூட்டத்தை நடத்தும் பேராசிரியர் ரேணுகாம்பாள் முன்வரிசையில் இருந்தார். ஏழு மணி நேர வரைபடத்துக்குத் திரும்பப் போகச் சொன்னார். நான்காவது மணியில் பத்தொன்பது நிமிடத்துக்குப் புள்ளிகளே இல்லையே, அங்கே என்ன நடந்தது என்று கேட்டார்.

மின்தடை என்றேன்.

மின்சாரம் போய் வந்தால் லேசர் மறுபடி சூடாக அரை மணியாவது வேண்டுமே, உங்கள் வரைபடத்தில் விட்ட இடத்திலிருந்து அதே அளவில் தொடர்கிறதே என்றார். லேசருக்குத் தனி மின்கலம் இருக்கிறது, பதிவு செய்யும் கணினிக்கு மட்டும்தான் மின்சாரம் போயிற்று என்றேன். தலையை ஆட்டிவிட்டு எதையோ குறித்துக்கொண்டார். அதன்பிறகு கைதட்டினார்கள்.

வரைபடத்தின் கீழ்மூலையில் சிறிய எழுத்தில் தேதி இருக்கிறது. அதை அழிக்க மறந்திருக்கிறேன். எபி கடைசி வரிசையில் இருந்தான். அங்கிருந்து அவனுக்குத் தெரிந்திருக்காது.

அதே நாள், மாலை ஐந்து மணி

அவனுக்குத் தெரிந்திருக்கிறது. மதியம் சாப்பாட்டு வரிசையில் எனக்குப் பின்னால் நின்றான். "அது அன்னைக்கு எடுத்ததா?" என்றான். ஆமாம் என்றேன். "அப்புறமும் ஓடுச்சா?" என்றான். சார் நிறுத்த வேண்டாம் என்று சொன்னார் என்றேன். "சரிதான். மாதிரி வீணாகியிருக்கும்" என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டான்.

டிசம்பர் 13, சனி

காலை

வெந்நீர் வரவில்லை. ஹசீனா சுவரொட்டி முன்னால் நின்று நின்று கால் வீங்கிவிட்டதென்கிறாள். எனக்குத் தலைவலி, பதினொரு மணிக் கூட்டத்துக்கு வரவில்லை என்றேன். "எபி அண்ணா பேசுறாங்க, நாம போகாம எப்படி அக்கா?" என்றாள்.

மதியம் இரண்டு மணி

நடந்ததை நடந்த வரிசையில் எழுதிப் பார்க்கிறேன்.

எபி திரையில் தன் விழித்திரையின் படத்தைப் போட்டான். ஆரஞ்சு நிற வட்டம், நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி. "நான் யாரைப் பார்க்கிறேனோ அவங்க முகம் வந்து விழுற இடம் இதுதான். வலது கண்ணால மட்டும் பார்த்தா யாருக்குமே முகம் இருக்காது" என்றான். அறையில் எழுபது பேர் இருந்தோம்.

பிறகு விபத்தைச் சொன்னான். எங்கள் லேசர் மேசைக்கு ஒரு மூடி உண்டு. மூடியைத் திறந்தால் லேசர் தானாக அணைந்துவிட வேண்டும். அதற்காக ஒரு பாதுகாப்பு இணைப்பு இருக்கிறது, இன்டர்லாக் என்போம். அதை நம்பித்தான் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மாதிரிக் குப்பியைத் தொடக் குனிந்ததாகச் சொன்னான். குழு வந்து சோதித்தபோது இன்டர்லாக் மிகச் சரியாக வேலை செய்திருக்கிறது. அப்படியென்றால் தான் மூடியைத் திறந்திருக்க முடியாது, ஏதோ இடுக்கு வழியாக எட்டிப் பார்த்திருக்க வேண்டும் என்றான். தனக்கு அப்படி ஞாபகம் இல்லை, திறந்ததாகத்தான் ஞாபகம், ஆனால் ஞாபகத்தை நம்பக் கூடாது என்று சொல்லத்தான் இங்கே வந்தேன் என்றான். தப்பு தன்னுடையதுதான் என்று முடித்தான்.

கேள்வி நேரத்தில் என் பக்கத்தில் ஹசீனா கையைத் தூக்கினாள். நான் அவள் கையைப் பிடித்து இறக்கியிருக்கலாம். அவள் என்ன கேட்கப்போகிறாள் என்று எனக்குத் தெரியாது என்று எழுத நினைத்தேன். தெரியும்.

"எங்க லேபில நீண்ட நேரம் ஓட்டும்போது அந்த இன்டர்லாக் லேசரை அடிக்கடி தானா அணைச்சிடும். அதனால அதோட ரெண்டு முனையையும் ஒரு கம்பியால இணைச்சு வெச்சிருக்கோம். மூடி திறந்தாலும் லேசர் அணையாது. இது பரவாயில்லையா, ஆபத்தா?" என்று கேட்டாள். அவ்வளவு வெள்ளந்தியாகக் கேட்டாள்.

எபி முகத்தைத் திருப்பி அவளை நேராகப் பார்த்தான். அந்தக் கம்பி எவ்வளவு நாளாக இருக்கிறது என்று கேட்டான். "நான் சேர்ந்தப்பவே இருந்துச்சு. அக்காதான் காட்டினாங்க. ரொம்ப நாளாவே இருக்குன்னாங்க" என்றாள்.

ஆபத்து, உடனே எடுத்துவிட வேண்டும் என்றான். வேறு கேள்வி உண்டா என்றான். இன்னும் இரண்டு பேர் கேட்டார்கள், பதில் சொன்னான். என் பக்கம் பார்க்கவில்லை.

மாலை நான்கு மணி

குடிநீர் இயந்திரத்துக்கு அருகில் எபி வந்து நின்றான். குரலை உயர்த்தவில்லை.

"அன்னைக்கு அந்தக் கம்பி இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"குழு வந்தப்ப?"

"அதுக்கு முன்னாடி நாள் எடுத்துட்டேன். சார் மேசையைச் சுத்தம் பண்ணி வைக்கச் சொன்னார். அவங்க போனதும் திரும்பப் போட்டேன்."

சுவரில் சாய்ந்துகொண்டான். ஒரு பெண் வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் போனாள்.

"பதினாலு மாசம்" என்றான். "எனக்குப் புத்தி சரியில்லையோன்னு நினைச்சிட்டிருந்தேன் தாட்சா. மூடியைத் திறந்தது என் கையிலயே இருக்கு, அந்த எடைகூட ஞாபகம் இருக்கு. ஆனா திறக்கலைன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். சின்ன வயசுலருந்தே நான் இல்லாததைச் சொல்லுவேனான்னு அம்மாகிட்ட கேட்டேன். வகுப்புல ஒரு அமிலம் எடுக்க பாட்டில்ல பேரை மூணு தடவை படிக்கிறேன், பிள்ளைங்க சிரிக்குதுங்க. கண்ணு போனதுகூடப் பழகிடுச்சு. இது பழகல."

மன்னித்துவிடு என்றேன்.

"அதை அப்புறம் பார்க்கலாம். முதல்ல நடந்ததை எழுது. கையெழுத்துப் போட்டு எழுது."

டிசம்பர் 14, ஞாயிறு

விடியற்காலையிலேயே எழுந்து கடிதத்தை எழுதிவிட்டேன். பல்கலைக்கழகப் பாதுகாப்புக் குழுவுக்கு, நான்கு பக்கம். உணவுக்கூடத்துக்கு வெளியே சிமெண்டு பெஞ்சில் எபி உட்கார்ந்திருந்தான். நீளமாகப் படித்தால் கண் வலிக்கிறது, நீயே படி என்றான். பனி இறங்கிக்கொண்டிருந்தது, காகிதம் ஈரமாகிவிடாமல் மடியில் வைத்துப் படித்தேன்.

இன்டர்லாக்கைக் கம்பியால் இணைத்தது நான். அந்த வாரம் ஆய்வுச் சுருக்கம் அனுப்பக் கடைசித் தேதி, ஏழு மணி நேரம் தடையில்லாமல் ஓட வேண்டியிருந்தது. கம்பி போட்டதை எபநேசரிடம் சொல்லவில்லை. நான்காவது மணியில் அவர் குப்பியில் கரைசல் சேர்க்க வந்தார். அப்போது கணினியிலிருந்து லேசரை நிறுத்தி வைக்க வேண்டியது என் வேலை. நான் சுருக்கத்தைத் தட்டச்சு செய்துகொண்டிருந்ததால் அவர் "நிறுத்தியாச்சா?" என்று கேட்டது என் காதில் விழவில்லை.

"நிறுத்து" என்றான். "விழலையா?"

நான் காகிதத்தின் ஓரத்தை மடித்தேன்.

"நீ 'ம்'னு சொன்ன. அதையும் நானாக் கற்பனை பண்ணிக்கிட்டேன்னு முடிவு பண்ணி வெச்சிருந்தேன். சொன்னியா, இல்லையா? எது நடந்துச்சுன்னு எனக்குத் தெரியணும். அது மட்டும் போதும்."

"சொன்னேன்."

"கேட்டுத்தான் சொன்னியா?"

"கேட்டுத்தான் சொன்னேன். அந்த வாக்கியத்தை முடிச்சிட்டு நிறுத்தலாம்னு நினைச்சேன். நீ குப்பிகிட்ட போக அஞ்சு நிமிஷம் ஆகும்னு நினைச்சேன். நீ வேகமாப் போயிட்ட."

இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். அழுகிறான் என்று நினைத்தேன். இல்லை. கையை எடுத்தபோது அவன் முகம் இரண்டு நாளில் முதல்முறையாக இறுக்கம் தளர்ந்திருந்தது. கேட்டதும் சொன்னதும் தனக்கு ஞாபகம் இருந்தபடியே நடந்திருக்கிறது என்பது அவனுக்கு என்னவாக இருந்தது என்பதைப் புரிந்துகொள்ள எனக்குத் தகுதியில்லை.

காதில் விழவில்லை என்ற வரியை அடித்துவிட்டு எழுதினேன். மேலே படிக்கச் சொன்னான். விபத்துக்குப் பிறகு பேராசிரியரின் அறிவுரைப்படி ஆய்வு தொடரப்பட்டது என்ற இடத்தில் நானே நிறுத்திக்கொண்டேன். அவன் கேட்பதற்கு முன்னாலேயே அடித்தேன். சார் அன்று ஊரிலேயே இல்லை. எபியைப் பக்கத்து ஆய்வகத்துப் பையன்கள் இருவர் ஆட்டோவில் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார்கள். நான் லேசரை நிறுத்திவிட்டு வராந்தாவரை போனேன், திரும்பி வந்தேன், கணினியில் 'தொடர்க' என்பதை அழுத்தினேன். யாரும் சொல்லவில்லை. பத்தொன்பது நிமிடம். அதன்பிறகு மூன்று மணி நேரம் உட்கார்ந்து புள்ளிகள் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆஸ்பத்திரில நீ எங்கன்னு கேட்டேன்" என்றான். "பயந்துபோய் ஹாஸ்டலுக்குப் போயிருப்பான்னு சொன்னாங்க. பாவம்னு நினைச்சேன்."

திருத்திய கடிதத்தைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டான். முதல் பஸ்ஸிலேயே இறங்கிப் போய்விட்டான்.

ஹசீனாவிடம் மதியம் சொன்னேன். அவள் தன் பொருட்களை எடுத்துக்கொண்டு போய் இறங்கும் பஸ்ஸில் வேறு இருக்கையில் உட்கார்ந்தாள்.

டிசம்பர் 16, செவ்வாய்

காலையில் முதல் வேலையாகக் கம்பியை எடுத்தேன். பிறகு கடிதத்தின் நகலைச் சாரிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தார். இதைக் கொடுத்தால் ஆய்வகத்துக்குப் பூட்டு விழும், உன் ஆய்வேடும் போகும், ஹசீனாவின் ஒரு வருடமும் போகும், எபநேசருக்குக் கண் திரும்பி வருமா என்று கேட்டார். வராது சார் என்றேன்.

"நான் கழற்றச் சொன்னேன்னு எழுதியிருக்கியேம்மா. மேசையைச் சுத்தம் பண்ணி வைன்னுதானே சொன்னேன்."

"அந்த வார்த்தையைத்தான் சார் எழுதியிருக்கேன். கம்பி இருந்தது உங்களுக்கும் தெரியும்னு அடுத்த வரியில எழுதியிருக்கேன்."

நாற்காலியில் உட்கார்ந்தார். வயதானவராகத் தெரிந்தார். போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போகச் சொன்னார்.

பதினொன்றரை மணிக்குப் பதிவாளர் அலுவலகத்தில் கடிதத்தைக் கொடுத்து முத்திரை வாங்கினேன். பேராசிரியர் ரேணுகாம்பாளுக்கு, மின்தடை என்று சொன்னது பொய் என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன்.

டிசம்பர் 17, புதன்

ஆய்வகம் பூட்டப்பட்டது.

டிசம்பர் 29, திங்கள்

அறையைச் சுத்தம் செய்தேன். அம்மாவிடம் ஜனவரி இல்லை என்று மட்டும் சொன்னேன். எப்போது என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

ஜனவரி 6, செவ்வாய்

குழு கூடியது. எபி விடுப்பு எடுத்து வந்திருந்தான். என்னிடம் ஒன்றரை மணி நேரம் கேட்டார்கள். எழுதியதையே சொன்னேன். அன்று எடுத்த தரவு முழுவதையும் திரும்பப் பெற வேண்டும். என் ஆய்வேடு நிறுத்தி வைக்கப்படுகிறது. என் பதிவு நீடிக்குமா என்பதை அடுத்த கூட்டத்தில் முடிவு செய்வார்களாம். சார் விடுப்பில் இருக்கிறார்.

எபியிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டார்கள். பழைய அறிக்கையில் 'மாணவரின் கவனக்குறைவு' என்று இருப்பதை எடுக்க வேண்டும், தான் மூடியைத் திறந்தது உண்மை என்று எழுத வேண்டும் என்றான். கண்ணாடி அணியாதது தன் தப்புதான், அது அப்படியே இருக்கட்டும் என்றான். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

வெளியே வந்தபோது படிக்கட்டில் இருவரும் தனியாக இருந்தோம். மன்னிப்பைப் பற்றி அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தான். நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. "பஸ்ஸுக்கு நேரமாகுது" என்றான். படிக்கட்டின் கடைசிப் படியில் ஒருமுறை காலால் தடவிப் பார்த்துவிட்டு இறங்கினான். பிடிக்கப் போனேன், பிறகு கையை எடுத்துக்கொண்டேன்.

ஜனவரி 19, திங்கள்

ஒரு மாதத்துக்குப் பிறகு ஹசீனா அழைத்தாள். வேறு ஆய்வகத்துக்கு மாற்றக் கேட்டிருக்கிறாள், புதிய தலைப்பில் முதலிலிருந்து தொடங்க வேண்டுமாம். அந்த மேசையில் குனிந்து வேலை பார்த்த நாட்களை எண்ணிப் பார்த்தாளாம், இருநூற்றுக்கு மேல் வருகிறதாம். பல நாள் கண்ணாடி போடவில்லையாம். நேற்று கண் மருத்துவரிடம் போய்ச் சோதித்துக்கொண்டாள். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம்.

நல்லவேளை என்றேன்.

பிறகு கேட்டாள். "அன்னைக்கு நான் எழுந்து அந்தக் கேள்வியைக் கேட்காம இருந்திருந்தா நீங்க சொல்லியிருப்பீங்களா அக்கா?"

சிக்னல் சரியில்லை, பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

சொல்லியிருக்க மாட்டேன். தலைவலி என்று அறைக்குப் போய்ப் படுத்திருப்பேன். இந்த மாதம் ஆய்வேட்டைக் கொடுத்திருப்பேன். அவள் இன்றைக்கும் அந்த மேசையில் குனிந்துகொண்டிருந்திருப்பாள்.

இதை இங்கே எழுதினால் போதாது. அவளைத் திரும்ப அழைக்கிறேன்.